ஈரச் சுவரும் இறங்காத டிகாக்ஷனும்

டிகாக்ஷன் இறங்கவில்லை என்றால் எல்லோரும் முதலில் பொடியைத்தான் குறை சொல்வார்கள். நைஸாக அரைத்துவிட்டான், சிக்கரியை அள்ளிக் கொட்டிவிட்டான், கொட்டையே பழசு. பழைய கட்டடங்களில் நடக்கும் காபிக் கடைகளில் ஐப்பசி பிறந்தால் இந்தப் பேச்சு ஆரம்பமாகும். புரட்டாசி வரை கால் மணி நேரத்தில் இறங்கிய டிகாக்ஷன், மழை பிடித்ததும் முக்கால் மணி நேரம் ஆகியும் சொட்டிக்கொண்டே இருக்கும். ஒருவழியாக இறங்கியதை வாயில் வைத்தால் கசப்பு நாக்கின் அடியிலேயே தங்கிவிடும். கடைக்காரர் பொடி வாங்கும் இடத்தை மாற்றிப் பார்ப்பார், பீபெரி வகைக் கொட்டையைக் கூட்டிப் பார்ப்பார், பால்காரரோடு வாக்குவாதம் செய்வார். மாசி, பங்குனியில் காபி தானாகச் சரியாகிவிடும். மாற்றிய பொடிதான் காரணம் என்று எல்லோரும் நம்பிவிடுவார்கள். அடுத்த ஐப்பசியில் மறுபடி அதே சங்கடம்.

பொடியைப் பார்ப்பதற்கு முன் சுவரைப் பாருங்கள் என்பது என் கட்சி. பழைய கட்டடத்தில் குடிக்கும் காபிக்கு ருசி தனி என்று சிலர் சத்தியம் செய்கிறார்கள். அதெல்லாம் மனப்பிரமை, ருசி டம்ளரில் இருக்கிறதே தவிரக் கூரையில் இல்லை என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். இரண்டு பேச்சும் எனக்கு ஒத்துவரவில்லை. கட்டடம் காபிக்குள் வரத்தான் செய்கிறது. ஆனால் அது வரும் வழி ஞாபகமோ ஏக்கமோ அல்ல, ஈரம். நல்ல நிலையில் இருக்கும் பழைய சுவர் கடையின் ஈரத்தைச் சமாளித்துப் பொடியைக் காப்பாற்றுகிறது. கெட்டுப்போன பழைய சுவர் அதே ஈரத்தைப் பொடிக்குள் தள்ளுகிறது. அந்தச் சுவர் எந்த நாளில் கெட்டது என்று தேடிப்போனால், பெரும்பாலும் ஒரே ஒரு நாளில் போய் நிற்கும். அதற்கு முன் சுவரைப் பற்றிக் கொஞ்சம்.

சுண்ணாம்புச் சுவர் செய்யும் வேலை

நூறு வருஷம் தாண்டிய நம் ஊர்க் கட்டடங்களில் பெரும்பாலானவை செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் சேர்ந்தவை. சுவர் ஒன்றரை அடி, சில இடங்களில் இரண்டடிக்கு மேலும் போகும். கிளிஞ்சலைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பு, ஆற்று மணல், கடுக்காயும் வெல்லமும் ஊறிப் புளித்த தண்ணீர் எல்லாம் சேர்த்துச் செக்கில் அரைத்த கலவை அது. இன்றைக்கு அஸ்திவாரத்துக்கு மேல் ஈரம் ஏறாமலிருக்க ஒரு தடுப்பு அடுக்கு போட்டுவிட்டுத்தான் சுவரை எழுப்புகிறோம். அந்தக் கட்டடங்களில் அது கிடையாது. மண்ணில் இருக்கும் தண்ணீரைச் செங்கல் திரி போல உறிஞ்சி மேலே ஏற்றிக்கொண்டே இருக்கும். வழக்கமாக இரண்டு மூன்று அடி உயரம் வரை ஏறும். அப்புறம் ஏன் அவை இத்தனை வருஷம் நின்றன என்றால், ஏறிய ஈரம் வழியிலேயே வெளியேறிவிடும். சுண்ணாம்புப் பூச்சில் நுண்ணிய துளைகள் ஏராளம். மழைக்காலத்தில் உள்ளே வாங்கி, வெயில் காலத்தில் வெளியே விட்டு, சுவர் மூச்சு விட்டுக்கொண்டே இருக்கும். வருஷா வருஷம் பொங்கலுக்கு அடித்த வெள்ளையும் சுண்ணாம்புதான் என்பதால் அந்த மூச்சு அடைபடவில்லை.

காபிக் கடைக்கு இது பெரிய சௌகரியம். அடுப்பில் ஒரு லிட்டர் தண்ணீர் கொதித்து ஆவியானால் அது ஏறத்தாழ 1,700 லிட்டர் நீராவியாக விரியும். பால் அண்டா, வெந்நீர் பாய்லர், இட்லிப் பாத்திரம், பாத்திரம் கழுவும் தொட்டி எல்லாம் சேர்ந்து ஒரு நாளில் எத்தனை லிட்டர் தண்ணீரைக் காற்றில் ஏற்றும் என்று யோசித்துப் பாருங்கள். உயரமான கூரை அந்தச் சூட்டை மேலே இழுத்துக்கொள்ளும். கூரைக்கு ஓரடி கீழே இருக்கும் வென்டிலேட்டர்கள் அதை வெளியே அனுப்பும். மிச்சத்தைச் சுவர் வாங்கி வைத்திருந்து, கடை மூடியபின் இரவில் மெல்ல விடும். நல்ல நிலையில் இருக்கும் அப்படியொரு ஹாலில் மழை நாளிலும் மேஜை பிசுபிசுக்காது.

கூரையையும் சொல்லவேண்டும், ஏனென்றால் கோளாறு பாதி அங்கிருந்துதான் இறங்குகிறது. மெட்ராஸ் டெரஸ் என்பது தேக்கு விட்டங்களின் மேல் ஆச்சிக்கற்கள் என்னும் சின்னச் சின்னச் செங்கற்களைக் குத்துக்கல்லாக, சுவருக்குச் சாய்வாக, சுண்ணாம்புச் சாந்தில் நெருக்கி அடுக்குவது. அதன் மேல் மூன்று நான்கு அங்குலத்துக்குச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, வரிசையாக உட்கார்ந்து கட்டையால் நாள்கணக்கில் அடிப்பார்கள். கட்டை துள்ளி எழுகிற அளவுக்கு இறுகினால்தான் அடியை நிறுத்தலாம். அதற்கு மேல் தட்டோடு. இந்தக் கூரையின் பலவீனம் நடுவில் இல்லை, ஓரத்தில். விட்டத்தின் முனை சுவருக்குள் புதைந்திருக்கும் அந்த அரையடியில்தான் மரம் உளுத்துப்போகும். மழைத்தண்ணீர் வெளியேறும் தூம்பின் வாயில் இலை அடைத்துக்கொண்டு மாடியில் தண்ணீர் தேங்கினாலோ, கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்து விரிசல் விட்டாலோ, தண்ணீர் நேராக அந்த முனைக்கு வரும். நடு விட்டத்தின் மேல் 1,000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டியைத் தூக்கி வைக்கிறவர்கள் ஒரு டன் எடையை அந்த உளுத்த முனைகளில் தொங்கவிடுகிறார்கள். தொட்டி கட்டாயம் வேண்டுமென்றால் இரண்டு சுவர்கள் சேரும் மூலையில், சுவரின் மேலேயே சுமை இறங்கும்படி வைக்கவேண்டும்.

அந்த ஒரு மூட்டை சிமென்ட்

இப்போது அந்த நாளுக்கு வருவோம். ஹாலின் பின்சுவரில், அடுப்பங்கரையை ஒட்டி, தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் காரை உதிர்கிறது. வெள்ளைப் பொடியாக உப்பு பூத்திருக்கிறது. மேஜையை அங்கே போட்டால் வருகிறவர்களின் சட்டையில் ஒட்டுகிறது. கடைக்காரர் கொத்தனாரைக் கூப்பிடுகிறார். அவர் தட்டிப் பார்த்துவிட்டு, "சுண்ணாம்பு செத்துப்போச்சுண்ணே, கொத்திட்டு சிமென்ட் பூசிடுவோம், ஆயுசுக்கும் தொந்தரவு இல்லை" என்கிறார். ஒரு மூட்டை சிமென்ட், நாலு சட்டி மணல், இரண்டு நாள் வேலை. மேலே எமல்ஷன் பெயின்ட். சுவர் கண்ணாடி மாதிரி ஆகிவிடுகிறது. கொத்தனார் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் கற்றுக்கொண்ட தொழில் அது, புதுக் கட்டடத்தில் அது சரியான வேலையும்கூட. சுண்ணாம்பு அரைத்துப் பூசத் தெரிந்தவர்கள் ஊருக்கு ஒருவர்கூட இல்லாமல் போன காலத்தில், தெரிந்த வழியைச் சொன்னார்.

உதிர்ந்த அந்தக் காரை செத்துப்போகவில்லை, தன் வேலையைச் செய்து தேய்ந்துகொண்டிருந்தது. மண்ணிலிருந்து ஏறும் தண்ணீர் உப்பையும் சுமந்துகொண்டுதான் வரும். தண்ணீர் ஆவியாகும் இடத்தில் உப்பு படிகமாகும், படிகமாகும்போது பருக்கும், பருத்தால் தன்னைச் சுற்றியிருப்பதை உடைக்கும். சுண்ணாம்புப் பூச்சு மெத்தென்று இருப்பதால் அது உடைந்து உதிர்ந்து, உள்ளே இருக்கும் செங்கல்லைக் காப்பாற்றுகிறது. பத்திருபது வருஷத்துக்கு ஒரு முறை அந்த இரண்டடிப் பட்டையை மட்டும் கொத்திப் புதுசாகப் பூசிக்கொண்டால் போதும் என்பது பழைய கணக்கு. வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை மாற்றுகிற மாதிரி.

சிமென்ட் பூச்சு வந்ததும் இந்தக் கணக்கு தலைகீழாகிறது. அடர்த்தியான பூச்சு, அதன் மேல் பிளாஸ்டிக் தோல் மாதிரி எமல்ஷன். ஈரம் வெளியேற வழியில்லை. இரண்டடியில் ஆவியான தண்ணீர், பூச்சு முடியும் இடம் தேடி நாலடி, ஐந்தடி என்று மேலே ஏறுகிறது. முதல் வருஷம் ஒன்றும் தெரியாது, சிமென்ட் ஜெயித்துவிட்டதாகத் தோன்றும். இரண்டாவது மழையில் புதுப் பூச்சுக்கு மேல், அதுவரை நன்றாக இருந்த சுண்ணாம்பில், ஒரு பழுப்புக் கோடு விழும். அதற்கும் சிமென்ட் பூசுவார்கள். கோடு இன்னும் மேலே போகும். இப்படி விரட்டிக்கொண்டே போய், ஈரம் விட்டத்தின் முனையைத் தொடும் நாள்தான் ஆபத்தான நாள். பூச்சுக்கு உள்ளே இன்னொரு அழிவும் நடக்கிறது. வெளியே வர முடியாத உப்பு செங்கல்லுக்கும் சிமென்டுக்கும் நடுவே படிகமாகிறது. சிமென்ட் அதைவிட வலுவானது, அதனால் உடைவது செங்கல். விரல் முட்டியால் தட்டினால் டொப் டொப்பென்று பொள்ளல் சத்தம் கேட்கும். ஒருநாள் முறம் அளவுக்குப் பூச்சு பாளமாகப் பெயர்ந்து விழும்போது, பின்னால் செங்கல்லின் முகமே இருக்காது, செம்மண் பொடிதான் கொட்டும்.

சமையல்கட்டில் நிலைமை இன்னும் சிக்கல். உணவுப் பாதுகாப்பு விதிப்படி சுவர் உதிராமல், கழுவக்கூடியதாக இருக்கவேண்டும். நியாயமான விதிதான். அதற்காக ஐந்தடிக்கு டைல்ஸ் ஒட்டுகிறார்கள். டைல்ஸ் ஒட்ட மறுபடி சிமென்ட். ஒரு பக்கம் மண்ணின் ஈரம், மறுபக்கம் அடுப்பின் ஆவி, நடுவில் ஒன்றரை அடிச் சுவர் ஊறிப்போன பஞ்சு மாதிரி நிற்கும். இதற்கு நல்ல வழி இருக்கிறது. சுவரில் ஒன்றும் ஒட்டாமல், ஓரங்குலச் சட்டங்களை நெடுக்காக அடித்து, அதன் மேல் எவர்சில்வர் தகடு பொருத்தவேண்டும். தகட்டின் கீழே இரண்டங்குலமும் மேலே இரண்டங்குலமும் திறந்து விடவேண்டும். பின்னால் காற்று ஓடும், முன்னால் கழுவலாம், நாளைக்குச் சுவரைப் பார்க்கவேண்டுமென்றால் தகட்டைக் கழற்றலாம்.

பொடிக்கு என்ன ஆகிறது

வறுத்த காபிக்கொட்டையில் ஈரம் மிகக் குறைவு. அரைத்ததும் அது சுற்றியிருக்கும் ஈரத்தையும் வாடையையும் இழுக்க ஆரம்பிக்கும். சிக்கரி அதைவிட மோசம், திறந்து வைத்தால் வெல்லம் மாதிரி கசிந்து கட்டிபிடிக்கும். காபி சிக்கரிக் கலவையில் சிக்கரி 49 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்பது சட்டம். நல்ல கடைகள் 10 முதல் 20 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்கின்றன, சில கடைகள் சட்டத்தின் விளிம்பு வரை போகின்றன. விளிம்பில் இருக்கும் கடைக்கு ஈரச் சுவர் வாய்த்தால் அவ்வளவுதான். மூட்டையைச் சுவரோடு சாய்த்து வைக்கிறார்கள். பொடி டப்பா அடுப்புக்கு மேலே பலகையில், மூடி பாதி திறந்தபடி. ஊறிய சுவருக்குப் பக்கத்தில் இருக்கும் காற்று எப்போதும் குளிர்ந்து ஈரமாக இருக்கும். இரண்டு நாளில் பொடி கையில் பிடித்தால் கொழுக்கட்டை மாதிரி நிற்கும்.

அந்தப் பொடி ஃபில்டரில் என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். சரியான பொடி ஃபில்டரில் சீராகப் படியும். 50 கிராம் பொடி, 300 மில்லி தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பொடி தன் எடையைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதனால் இறங்குவது 200 மில்லி. ஒரு காபிக்கு 40 மில்லி டிகாக்ஷன் என்றால் ஐந்து காபி. மேல் பாத்திரத்தை மேஜையில் இரண்டு தட்டுத் தட்டிப் பொடியைச் சமமாக்கி, குடைத் தட்டை மேலே வைத்தால் போதும், கட்டைவிரலால் அழுத்தக்கூடாது. கொதித்து அடங்கிய தண்ணீரை முதலில் நாலைந்து ஸ்பூன் மட்டும் சுற்றிலும் விடவேண்டும். பொடி உப்பி, நுரை கட்டி, மூச்சு விட அரை நிமிஷம் கொடுத்துவிட்டு மிச்சத் தண்ணீரை ஊற்றினால் பத்திலிருந்து பதினைந்து நிமிஷத்தில் இறங்கிவிடும். கொட்டினால் கட்டித் தயிர் பாளம் மாதிரி ஒரே வட்டமாகச் சக்கை விழவேண்டும், அதுதான் அடையாளம்.

ஈரம் வாங்கிய பொடி இப்படிப் படியாது. சின்னச் சின்ன உருண்டைகளாக இருப்பதால் ஓரிடத்தில் இடைவெளி, இன்னோரிடத்தில் அடைப்பு. தண்ணீர் இடைவெளியில் கிடுகிடுவென்று ஓடும். அப்போது டிகாக்ஷன் தண்ணீராக இருக்கும். கொஞ்ச நேரத்தில் சிக்கரி கரைந்து பசையாகி அடித்தட்டின் துளைகளில் உட்கார்ந்துகொள்ளும். பிறகு சொட்டுவது நிற்கும், மேலே நிற்கும் தண்ணீர் ஆறும். ஆறிய தண்ணீரில் அரை மணி நேரம் ஊறிய பொடி மணத்தைத் தராது, கசப்பையும் துவர்ப்பையும்தான் தரும். இந்த இடத்தில் மாஸ்டர்கள் செய்யும் வேலை ஒன்று உண்டு. ஸ்பூன் காம்பை உள்ளே விட்டுக் கிளறிவிடுவார்கள். உடனே இறங்கும், ஆனால் தூளும் சேர்ந்து இறங்கும். டம்ளர் அடியில் சேறு மாதிரி வண்டல் நின்றால் கிளறியிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஃபில்டர் துளை அடைப்புக்கு மருந்து வேறு. காலியான மேல் பாத்திரத்தை அடுப்புத் தணலில் காட்டி, துளைகளில் ஒட்டியிருப்பது கருகியதும் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கவேண்டும். எல்லாத் துளையும் நட்சத்திரமாகத் தெரிந்தால் சரி.

தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய தெருக்களில் பல கடைகள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை நம்பி இருக்கின்றன. உப்புத் தண்ணீர் காபியின் மெல்லிய புளிப்பைக் கொன்று ருசியை மழுக்கிவிடும். பாய்லருக்குள் வெள்ளைப் படிவம் கனத்துக்கொண்டே போனால் இதுதான் காரணம். அந்தப் படிவமும், காற்றில் இறுகிய சுண்ணாம்புப் பூச்சும் வேதியியலில் ஒரே பொருள், கால்சியம் கார்பனேட். சுவரில் இருக்கவேண்டியது பாய்லரில் இருக்கிறது, சுவரிலோ சிமென்ட் இருக்கிறது.

போய் உட்காரும்போது

பழைய கட்டடத்துக் காபிக் கடைக்குப் போகிறவர்கள் கூரையை அண்ணாந்து பார்க்கிறார்கள், படம் எடுக்கிறார்கள். நான் முழங்கால் உயரத்தைப் பார்க்கச் சொல்வேன். சுவரின் கீழ்ப் பகுதியில் வெள்ளை மெல்லிசாகப் பொரிந்திருந்தால் கவலையில்லை, அது சுண்ணாம்பு வேலை செய்யும் அடையாளம். பெயின்ட் கொப்புளமாக எழும்பியிருந்தாலும், நாலடிக்கு மேல் பழுப்புக் கோடு ஓடினாலும், மூக்கில் ஊறிய சாக்கு வாடை அடித்தாலும் அங்கே பொடியும் கெட்டிருக்க வாய்ப்பு அதிகம். விட்டத்தின் முனையைச் சுவர் தொடும் இடத்தில் கருப்பாக ஈரக்கறையோ, கறையான் மண் கோடோ தெரிந்தால் அதற்கு நேர் கீழே உட்காராதீர்கள். தெரிந்த கடை என்றால் கல்லாவில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள். நாள் முழுக்க அங்கேயே இருப்பவர் கண்ணுக்கு அது தெரியாமல் போயிருக்கும்.

நேரமும் முக்கியம். கடை திறந்த முதல் இரண்டு மணி நேரமும், பிற்பகல் மூன்றரைக்குப் புதிதாக டிகாக்ஷன் போடும் நேரமும்தான் நல்ல காபிக்கான வேளை. காலைப் பாலை மதியம் வரை சிம்மில் வைத்திருந்தால் சுண்டி, இனிப்பேறி, காபியின் மணத்தை மூடிவிடும். நல்ல மாஸ்டர் டிகாக்ஷனை அடுப்பில் நேரடியாகச் சூடு பண்ணமாட்டார், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இறக்கி வைத்திருப்பார். மழை நாளில் கறாராக ஒன்று கேட்கலாம்: "முதல் டிகாக்ஷன்ல போடுங்க, சர்க்கரை தனியா." சர்க்கரையில்லாமல் ஒரு வாய் குடித்தால் பொடியின் நிலைமை முழுசாகத் தெரிந்துவிடும்.

யார் பழுது பார்ப்பது

இவ்வளவு தெரிந்தும் ஏன் யாரும் செய்வதில்லை என்ற கேள்விக்குப் பதில் வாடகையில் இருக்கிறது. காபிக் கடைகள் தாங்கள் கட்டாத கட்டடங்களில்தான் பெரும்பாலும் குடியேறின. கொல்கத்தா காலேஜ் ஸ்ட்ரீட் காபி ஹவுஸ் இருக்கும் ஆல்பர்ட் ஹால் 1876-இல் கூட்டங்களுக்காக உருவானது, அங்கே காபி வந்தது 1942-இல். அரசின் காபி போர்டு, தான் நடத்திவந்த காபி ஹவுஸ்களை மூட முடிவெடுத்தபோது, கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் துணையோடு தொழிலாளர்களே கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்து எடுத்துக்கொண்டார்கள். 1957-இல் பெங்களூரில் முதல் சங்கம், அதே வருஷம் டெல்லியில் முதல் இந்தியன் காபி ஹவுஸ், 1958-இல் திருச்சூர். தொழிலாளர்களுக்குத் தொழில் சொந்தமானது, கட்டடம் பல இடங்களில் சொந்தமாகவில்லை. பெங்களூர் எம்.ஜி. ரோட்டில் பல தலைமுறை உட்கார்ந்த கடை 2009-இல் சர்ச் ஸ்ட்ரீட்டுக்கு மாறவேண்டி வந்தது. திருவனந்தபுரம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கட்டிய காபி ஹவுஸ் இதில் விதிவிலக்கு. கடைக்காகவே யோசித்த கட்டடம் அது. வட்டமாகச் சுற்றிச் சரிவாக ஏறும் செங்கல் கோபுரம், சுவர் நெடுக ஜன்னலுக்குப் பதில் வரிசையான துளைகள். ஆவி தங்க இடமே இல்லை.

பழைய கட்டடங்களைப் போற்றும்போது அவற்றின் எல்லா அறைகளும் எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை என்பதையும் சேர்த்தே நினைக்கவேண்டும். காபி கிளப்புகளில் தனி வாசலும் தனிப் பந்தியும் இருந்த காலம் ஒன்று உண்டு. 'பிராமணாள்' என்ற ஹோட்டல் பெயர்ப்பலகையை எதிர்த்துத் திருவல்லிக்கேணியில் பெரியார் மறியல் நடத்தியது 1957-இல்தான். இன்று யார் வேண்டுமானாலும் எந்த மேஜையிலும் உட்காரலாம் என்பது அந்த ஹால்களுக்குப் பிற்பாடு போராடி வந்து சேர்ந்த பெருமை. காப்பாற்ற வேண்டும் என்று நான் சொல்வது அந்த ஹாலைத்தான்.

வாடகைக்காரர் செலவு செய்யத் தயங்குகிறார், நாளைக்குக் காலி பண்ணச் சொன்னால் என்ன செய்வது என்று. உரிமையாளர் கைவிட்டுவிடுகிறார், இடிந்தால் நல்லது என்றுகூடச் சிலருக்கு எண்ணம். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டத்தில், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் கட்டடத்தின் அமைப்பு சார்ந்த பழுதும் வெள்ளையடிப்பதும் உரிமையாளர் பொறுப்பு. ஒப்பந்தம் எழுதும்போதே, சுண்ணாம்புச் சுவரில் சிமென்ட் பூசக்கூடாது, எமல்ஷன் அடிக்கக்கூடாது என்று இரண்டு வரி சேர்த்துவிட்டால் பின்னால் வரும் தகராறு பாதி குறையும்.

பூசிய சிமென்டைத் திருப்பி எடுக்க முடியுமா என்றால், முடியும், அவசரப்படக் கூடாது. தை பிறந்து காற்று உலர்ந்தபின் ஆரம்பிக்கவேண்டும். மெஷின் வைத்து உடைத்தால் செங்கல் முகம் போய்விடும், அதனால் சின்ன உளியும் சுத்தியலும்தான். ஈரக்கோடு எங்கே முடிகிறதோ அதற்கு ஓரடி மேல் வரை எடுத்துவிட்டு, செங்கல் இடுக்குகளில் முக்கால் அங்குல ஆழத்துக்குச் சுரண்டவேண்டும். வெளியே வரும் உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் கூட்டி அள்ளிக் கொட்டவேண்டும். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போய்விடும், இந்தத் தப்பைத்தான் அதிகம் பேர் செய்கிறார்கள். பிறகு சுவரை அப்படியே திறந்து விடவேண்டும். அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் என்பது தொழிலில் சொல்லும் கணக்கு, ஒன்றரை அடிச் சுவர் முழுக்க உலர ஒன்றரை வருஷம் ஆகலாம். வியாபாரத்தை அதுவரை நிறுத்தவேண்டாம், மேஜையை ஒரு முழம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு நடத்தலாம். ஒரு கோடை முடிந்தபின், நன்றாக ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்கு, கழுவிய மணல் மூன்று பங்கு என்று கலந்து, அரை அங்குலத்துக்கு மேல் போகாமல் இரண்டு கைப் பூச்சு. முதல் பூச்சு விரல் நகம் பதியாத அளவுக்கு இறுகியதும்தான் இரண்டாவது. வெயில் நேராகப் படாமல் சாக்குத் தொங்கவிட்டு, ஒரு வாரமாவது தினமும் தண்ணீர் தெளித்து நனைத்து வைக்கவேண்டும். வேகமாகக் காய்ந்தால் மாவாக உதிரும். கடைசியில் வெள்ளை, பால் பதத்துக்கு நீர்க்கக் கரைத்து, சுவரை நனைத்துவிட்டு, நாளுக்கு ஒரு கையாக மூன்று கை. கெட்டியாக ஒரே கையில் அடித்தால் தொட்டவர்களின் முதுகிலெல்லாம் ஒட்டும்.

சுவர் உலரும் அந்த ஒன்றரை வருஷத்துக்குப் பொடியைக் காப்பாற்ற வழி சுலபம். கொட்டையாக வாங்கி, அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் அரைத்து, கால் கிலோ பிடிக்கும் சின்னச் சின்ன டப்பாக்களில் நிறைத்து இறுக மூடுங்கள். ஒரு டப்பா தீர்ந்தபின்தான் அடுத்ததைத் திறக்கவேண்டும். பலகையைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி, அடுப்பின் ஆவி போகும் திசைக்கு எதிர்ப்புறம் போடுங்கள். ஈர ஸ்பூன் உள்ளே போகக்கூடாது. மேலே அடைத்து வைத்திருக்கும் வென்டிலேட்டர்களின் அட்டையைப் பிய்த்து எறியுங்கள். கைப்பிடிச் சுவரில் முளைத்திருக்கும் அரசங்கன்றை வேரோடு பிடுங்கிய கையோடு, தூம்பு வாயில் அடைத்திருக்கும் இலையையும் புரட்டாசிக்குள் அள்ளிவிடுங்கள். ஐப்பசி அடைமழையில் ஒரு நாள் காலை ஐந்தரைக்கு, 50 கிராம் பொடி போட்டுத் தண்ணீர் ஊற்றிவிட்டு மணி பாருங்கள். கால் மணிக்குள் 200 மில்லி கீழே இறங்கியிருந்தால் சுவர் உலர ஆரம்பித்துவிட்டது.